எதிர்ப் பஸ் ஏறியவர்கள்

1. மாலை போட்ட வண்டி

மாலை போட்ட பஸ்ஸை ஓட்டுவதைப் போல ஒரு சங்கடம் வேறு கிடையாது. முன்கண்ணாடிக்கு நடுவே சாமந்தி தொங்கும், ரோடு பாதிதான் தெரியும். கழற்றிப் போடலாம் என்றால் போட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சாத்தனேரிக்கு அப்பால் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முதல் டிரிப் போன அன்று நான் கழுத்தை வளைத்து வளைத்துத்தான் ஓட்டினேன்.

நான் விருத்தாசலத்தில் டவுன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவன். பெயர் கலியமூர்த்தி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிரேக் பிடிக்காமல் போன கதை, பானெட்டுக்குள் பாம்பு இருந்த கதை எல்லாம் மற்ற டிரைவர்கள் சொல்வார்கள். அதில் பாதி பொய்யாகவும் இருக்கும். இது வெறும் டைமிங் மாறிய கதை. ஆனால் என் சர்வீஸில் நான் மறக்காதது இதுதான்.

சாத்தனேரி டவுனிலிருந்து அரைமணி நேர ஓட்டம். வழியில் ஒரு ரயில்வே கேட் வரும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும்தான். என் பஸ் ரொம்ப காலமாகச் சாத்தனேரி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பிவிடும். காலையில் எட்டு மணி வண்டி, பத்து மணி வண்டி, மதியம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. இந்த டைமிங்கை யார் போட்டது என்று எனக்கும் தெரியாது, எனக்கு முன்னால் ஓட்டியவருக்கும் தெரியாது.

ஊருக்கு அப்பால் புறம்போக்கு நிலத்தில் வரிசையாக நாலு மாடிக் கட்டடங்கள் எழும்பின. மணிமுத்தாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்காக அரசாங்கம் கட்டிய வீடுகள் அவை. மழைக்காலம் வந்தால் பாத்திரம் பண்டத்தோடு ஸ்கூலில் போய்ப் படுத்துக் கிடந்த ஜனங்கள். சந்தோஷமாகச் சாவி வாங்கிக்கொண்டு குடி வந்தார்கள். வந்த பிறகுதான் உறைத்தது. ஆற்றங்கரையிலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்கு நடந்தே போயிருந்தார்கள். இங்கிருந்து பஸ் இல்லாமல் போக முடியாது. அலையாய் அலைந்தார்கள். கடைசியில் எங்கள் டெப்போ மேனேஜர் என் பஸ்ஸையே ஒரு ஸ்டாப் நீட்டி, குடியிருப்பு வரைக்கும் போகச் சொன்னார்.

முதல் நாள் தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் சுற்றினார்கள். ஒரு பெண் குனிந்து டயர்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் மலர் என்று பிறகு தெரிந்தது. பழத்தை வைத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"டிரைவரண்ணே, தெனம் வருவீங்கள்ல?"

"வண்டி வரும்மா. எடம் இருக்குமான்னு கேளு" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். என் கண்டக்டர் சகாயராஜ்கூடச் சிரித்தான். என் வாய் முகூர்த்தம், ஒரே வாரத்தில் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

2. ஊர் வேறு, மாடி வேறு

ஆபீஸில் அந்தக் குடியிருப்பை இன்னொரு ஊர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஸ்டாப், ஒரு பேர், ஒரு போர்டு. ஊர் என்றால் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பால்காரன் இருட்டோடு சைக்கிளில் போய்விடுவான். வயல்காரனுக்கு பஸ்ஸே வேண்டாம். காலேஜ் பிள்ளைகள் எட்டு மணி வண்டிக்கு வருவார்கள். பேங்க், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் போகிற ஒன்றிரண்டு பேர் வீட்டு வேலை முடித்து, குளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பத்து மணி வண்டிக்கு வருவார்கள். ஒரு ஊர் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பாது.

மாடி அப்படி இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே நான் பார்ப்பேன். ஏழரை மணி ஆனதும் எல்லா பிளாக் படிக்கட்டிலும் ஒரே நேரத்தில் கால்கள் இறங்கும். பீங்கான் கம்பெனிக்குப் போகிறவர்கள், துணிக்கடை பெண்கள், கட்டட வேலைக்குச் சட்டியும் கரண்டியுமாக வருகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள். வயல் கிடையாது, மாடு கிடையாது, எல்லோருக்கும் டவுனில்தான் பிழைப்பு. அவ்வளவு பேரும் ஒரே எட்டு மணி வண்டிக்கு. அந்த ஒரு ஸ்டாப்பில் நாலைந்து ஊர் ஜனம் நிற்கும். என்னிடம் இருப்பது ஒரு பஸ்.

குடியிருப்பிலேயே ஃபுட்போர்டு வரைக்கும் நிரம்பிவிடும். அடுத்த ஸ்டாப் சாத்தனேரி. அங்கே நிறுத்தினால் இறங்க ஆளில்லை, ஏற இடமில்லை. ஒரு நாள் நிறுத்தினேன், பத்துப் பேர் தொங்கினார்கள், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே போனது. மறுநாள் சகாயராஜ் ரெண்டு விசில் கொடுத்துவிட்டான், நானும் நிறுத்தாமல் போய்விட்டேன். அன்றைக்கு என் பின்கண்ணாடியில் விழுந்த கல் சாத்தனேரிக் கல்தான். யார் போட்டது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவன் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான்.

3. எதிர்ப் பஸ்

சாத்தனேரியில் தங்கராசு என்று ஒரு டெய்லர். டவுனில் பாலக்கரைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். பத்து மணி வண்டியில் எனக்குப் பின்னால் இருக்கும் சீட் அவருக்கென்று எழுதாத பட்டா. அவர் மகள் பிரியா டவுனில் காலேஜ் படித்தாள். எட்டு மணி வண்டி நிற்காமல் போனதில் அந்தப் பெண் முதல் பீரியடையே மறந்துவிட்டாள்.

தங்கராசு அளவெடுக்கிற ஆள். சும்மா இருப்பாரா? ஒரு நாள் காலையில் என் பஸ் டவுனிலிருந்து குடியிருப்புக்குப் போகும்போது, சாத்தனேரியில் பிரியா அப்பா சொன்னபடி கை காட்டினாள். நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இது டவுனுக்குப் போவல, அந்தாண்ட போவுது" என்றான் சகாயராஜ்.

"தெரியும்ணா. அந்தாண்ட போயிட்டு இந்தாண்ட வரும்ல? நான் எறங்கவே மாட்டேன்."

அவ்வளவுதான். மறுநாள் சாத்தனேரியில் இருபது பேர் எதிர்ப் பக்கம் நின்றார்கள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆண்கள் போக ஒன்று வர ஒன்று எடுத்தார்கள். குடியிருப்புக்குப் போய்ச் சேரும்போதே பாதி சீட் நிரம்பியிருக்கும். மாடிக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அவர்கள் கிளம்பி சாத்தனேரிக்கு நடந்து வந்து எதிர்ப் பஸ் ஏற ஆரம்பித்தார்கள். உடனே சாத்தனேரிக்காரர்கள் ஒரு ஸ்டாப் முன்னால் போனார்கள். இவர்கள் அதற்கும் ஒரு ஸ்டாப் முன்னால். ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் டவுனுக்குப் போவதற்காக டவுனை நோக்கி நடந்து போய், டவுனிலிருந்து வெளியே போகும் பஸ்ஸில் துண்டு போட்ட ஜனத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

கடைசியில் கூட்டம் ரயில்வே கேட்டில் வந்து நின்றது. அது குடியிருப்பிலிருந்து ஒரு மணி நேர நடை. கேட் போட்டிருந்தால் பஸ் நிற்கும், நிற்கும்போது ஏறிவிடலாம் என்று ஒரு கணக்கு. திடமானவர்கள் ஏறினார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் மாடி வாசலிலேயே நின்று, நிரம்பி வந்து நிரம்பிப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதமே சில வீடுகளில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனார்கள் என்று கேட்டேன். ஆற்றங்கரைக்கே போய்விட்டார்களாம்.

மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன கலியமூர்த்தி, காலைல வெளிய போற டிரிப்பும் ஃபுல்லா ஓடுது? அந்தப் பக்கம் எதாவது கம்பெனி வந்திருக்கா?"

"கம்பெனி ஒண்ணும் வரல சார். எல்லாரும் திரும்பி வரதுக்குத்தான் போறாங்க" என்று விவரத்தைச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "ஏறத் தெரிஞ்சவங்க ஏறிக்கறாங்க, வுடுய்யா. ஸ்பேர் வண்டி எங்க இருக்குது?" என்றார். பொய் சொல்லவில்லை. டெப்போவில் ஸ்பேர் என்று நின்றதெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆகிற வண்டிகள்.

4. அச்சு காத்திருக்காது

மலர் கேட்டில் ஏறுகிறவர்களில் ஒருத்தியாகிவிட்டாள். இன்ஜின் பெட்டி ஓரமாகக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவாள். விடிவதற்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டில் கேட் வரைக்கும் நடந்து வந்து, என் பஸ்ஸில் ஏறி, மறுபடி தன் வீட்டு வாசலுக்கே போய், அங்கிருந்து டவுனுக்கு வருவாள். சாப்பாடு டப்பாவில் இருக்கும். காலையில் என்றைக்காவது சாப்பிட்டாளா என்றால், இல்லை.

"ஏம்மா, இவ்ளோ தூரம் நடக்கற நீ, இன்னும் கொஞ்சம் நடந்தா கம்பெனியே வந்துடுமே" என்று சகாயராஜ் கிண்டல் செய்தான்.

"கம்பெனி டவுனுக்கு அந்தக் கடேசில இருக்குதுண்ணே. நடந்துடலாம். அப்பறம் நாள் முழுக்க நின்னு வேல பாக்கறதுக்கு வேற காலு வேணும்ல? அத நீங்க குடுப்பீங்களா?" என்றாள்.

அவள் வேலை என்ன என்று அன்றுதான் கேட்டேன். பீங்கான் பொம்மை, கிண்ணம் செய்கிற சின்ன யூனிட். களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சுக்குள் ஊற்றி வைப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சரியான பதத்தில் அச்சைப் பிரித்துப் பச்சைப் பொருளை வெளியே எடுக்க வேண்டும், அதுதான் மலரின் வேலை. சீக்கிரம் எடுத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். தாமதித்தால் உள்ளேயே இறுகி வெடித்துவிடும். முதல் நாள் சாயங்காலம் ஊற்றிய பெரிய அச்சுகள் காலையில் அவளுக்காகக் காத்திருக்கும். அதுவும் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் இரண்டு தடவை தாமதமாகப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரு வரிசை முழுக்க வெடித்துவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை என்று அவளே சொன்னாள்.

"'நான் காத்திருப்பேன், அச்சு காத்திருக்காது மலரு. இன்னொரு தடவை ஆச்சுன்னா பக்கத்துல இருக்கற ஆள வெச்சுக்கறேன், கோச்சுக்காத'ன்னு சொல்லிட்டாருண்ணே. அவரு சொல்றதும் நாயந்தான?"

"அப்ப என்னம்மா பண்ணப் போற?"

"சாவியக் குடுத்துட்டு ஆத்தங்கரைக்கே போயிடலாமான்னு பாக்கறேன். எங்க வூட்டுக்காரரு வெளியூருல கம்பி கட்டப் போயிருக்காரு. அவருக்குச் சொன்னா 'மழ வந்தா என்னா பண்ணுவ'ங்கறாரு. வேல போனா என்னா பண்றதுன்னு அவரும் சொல்ல மாட்டேங்கறாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வீடு கட்டியவன் மேலா, டைமிங் போட்டவன் மேலா? வழியில் வந்த ஒரு டூவீலர்காரனைத் திட்டித் தீர்த்தேன். அவன் பாவம், சரியான சைடில்தான் வந்தான்.

5. ரோட்டில் போட்ட நாற்காலி

பிரியாவுக்கு பிராக்டிகல் பரீட்சை. அன்றைக்கு அவள் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் நிரம்பிவிட்டது. பரீட்சை போய்விட்டது. அடுத்த நாள் நான் குடியிருப்பிலிருந்து நிறைந்த பஸ்ஸோடு திரும்பி வருகிறேன், சாத்தனேரி ஸ்டாப்பில் நடுரோட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தங்கராசு குந்தியிருக்கிறார். பின்னால் டீக்கடை பெஞ்சுகள், அதற்குப் பின்னால் ஊரே நிற்கிறது.

இன்ஜினை ஆஃப் செய்தேன். மறியலில் ஹாரன் அடிக்கிற டிரைவர் முட்டாள். சகாயராஜ் இறங்கி ஓரமாகப் போய் மேனேஜருக்கு போன் போட்டான்.

"இது எங்கூரு பஸ்ஸு" என்றார் தங்கராசு. "எங்க வூட்டுப் பொண்ணு ஏற எடமில்ல. மாடிக்காரங்களுக்குத் தனியா வேற பஸ்ஸு வுடற வரைக்கும் இந்த வண்டி நவுராது."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கத்தினார்கள், கீழே இருந்தவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். அரைமணி இப்படியே போனது. என் பக்கத்தில் நின்ற மலர் கம்பியை விட்டுவிட்டாள். முதலாளி சொன்ன "இன்னொரு தடவை" இதுதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் வழிய வுடுங்க. இன்னிக்கு லேட்டா போனா என் வேல போயிடும்."

"எம் பொண்ணுக்குப் பரீட்ச போயிடுச்சே, அத யாரு குடுப்பா? மாடி வூடு குடுத்தாங்கள்ல, மாடி பஸ்ஸும் குடுக்கச் சொல்லு, போ."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"மாடி வேணும்னு நாங்களாண்ணே கேட்டோம்? ஆத்துல தண்ணி வந்துச்சு, இங்க கொண்டாந்து வுட்டாங்க. வேணுமின்னா நான் சாவியக் குடுத்துட்டுத் திரும்பப் போயிடறேன். உங்க பஸ்ஸுல ஒரு ஆளு கொறையும். மீதிப் பேர என்னா பண்ணுவீங்க? எல்லாரையும் ஆத்துல எறக்கி வுட்டுடலாமா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "மறிக்கறதுன்னா பத்து மணி வண்டிய மறிங்க. காலியா வந்து காலியா போவுது. யாரு பொழப்பும் கெடாது" என்றாள்.

"அதுல தங்கராசு மட்டுந்தானம்மா போவாரு, அவர அவரே மறிச்சுக்குவாரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இந்தத் தடவை சிரிப்பு பஸ்ஸுக்குள்ளிருந்தும் வந்தது.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். கடைசிப் பேச்சு அவர் காதிலும் விழுந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார்.

"பத்து மணி வண்டில எவ்ளோ பேருய்யா வராங்க?"

"தங்கராசு வருவாரு சார். அப்பறம் நாங்க ரெண்டு பேரு. டயர் ஆறு" என்றேன். எனக்கும் கோபம் இருந்ததே.

அவர் ரோட்டோரம் நின்று விரலை மடக்கி மடக்கி யோசித்தார். அவர் அதிகாரிதான், ஆனால் தலையில் சரக்குள்ளவர். வண்டி விடியற்காலையில் டெப்போவில் சும்மா நிற்கிறது. பத்து மணி டிரிப்பை எடுத்துவிட்டால் எங்கள் டியூட்டி சீக்கிரம் ஆரம்பித்துச் சீக்கிரம் முடியும். அதே வண்டி, அதே டீசல். ஏழு மணிக்குக் குடியிருப்பிலிருந்து ஒரு நடை, திரும்ப ஓடி வந்து எட்டு மணிக்கு இன்னொரு நடை. கம்பெனிக்காரர்கள் முதல் வண்டியில் போய்விட்டால் காலேஜ் பிள்ளைகளுக்கு இரண்டாவது வண்டி.

"புது பஸ்ஸு என்னால குடுக்க முடியாது. இத செய்ய முடியும். திங்கக்கெழமையிலேருந்து மாத்திடறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அப்பறம் பத்து மணி வண்டி எங்கன்னு யாரும் ஜீப்ப மறிக்கக் கூடாது."

எல்லோரும் தங்கராசைப் பார்த்தார்கள்.

"எட்டு மணி வண்டில போயி நான் கட வாசல்ல ஈ ஓட்டறதா? பத்தரைக்கு முன்னாடி எவன் சார் சட்ட தைக்க வரான்?" என்றார் தங்கராசு. குரலில் பழைய வேகம் இல்லை.

பிரியா ஓரமாக ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கராசு மகளை ஒரு தடவை பார்த்தார், மலரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போனார்.

"காலைல பட்டன் கட்டற வேலைய வெச்சுக்கறேன். வண்டிய எடுங்க, டிரைவரே. அந்தப் பொண்ணுக்கு நேரமாவுது."

எடுத்தேன். ஆனால் நேரம் ஏற்கெனவே ஆகியிருந்தது.

6. காலி வண்டி

அன்று மலர் போனபோது பெரிய அச்சு மூன்று வெடித்திருந்ததாம். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. பேசாமல் உடைந்ததை அள்ளிப் போட்டாராம், அதுதான் பயமாக இருந்தது என்றாள். "திங்கக்கெழமையிலேருந்து ஏழு மணி வண்டிங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கங்க" என்று கெஞ்சியிருக்கிறாள்.

"சரி. திங்கக்கெழம பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார் முதலாளி.

அந்தத் திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே டெப்போவுக்குப் போய்விட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ஒரு டவுன் பஸ் டிரிப்பு பயமாக இருந்தது என்றால் யாராவது நம்புவார்களா? டெப்போவில் டயரைத் தட்டிப் பார்த்தேன், ஏர் பார்த்தேன், மறுபடி தட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போற மாதிரி சுத்தி வரீங்க, ஏறுங்க" என்றான் சகாயராஜ்.

பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது வண்டியில் ஒருவர்கூட இல்லை. கேட் திறந்திருந்தது. அங்கே ஒரே ஒரு ஆள் கை காட்டி நின்றாள். மலர்.

பிரேக் போட்டேன். தலையில் துண்டு, கையில் டப்பா, செருப்பெல்லாம் பனியில் நனைந்த மண். ஏறி, காலியான சீட்டுகளைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஏம்மா, ஏழு மணிக்கு வூட்டு வாசலுக்கே வரோம்னு சொன்னோம்ல? இங்க வந்து ஏன் நிக்கற?"

"வரும்னு சொன்னாங்க. வராட்டி என்னாண்ணே பண்ணுவேன்?" என்றாள்.

அவளை என்ன சொல்வது? நாங்கள் கொடுத்த பழக்கம்தானே. அத்தனை சீட் காலியாக இருக்க, அவள் வழக்கம்போல இன்ஜின் பெட்டி ஓரத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். சகாயராஜ்தான், "குந்தும்மா, பஸ்ஸே ஒன்னுதுதான்" என்று அதட்டி உட்கார வைத்தான். கேட்டிலிருந்து ஒரே ஒரு பாசஞ்சரை ஏற்றிக்கொண்டு, அவளை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அங்கே இன்னொரு கூத்து. வெளியே நின்ற கூட்டத்தில் யாரும் ஏறவில்லை. இவ்வளவு காலம் வேலைக்குப் போகிற நேரத்தில் காலி பஸ்ஸையே பார்க்காதவர்கள், ஏதோ பிரேக் டவுன் வண்டி திரும்பப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். மலர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறுங்கடி, நம்ம வண்டிதான்!" என்று கத்திய பிறகுதான் ஏறினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாத்தனேரியில் நிறுத்தினேன். ஏறியவர்களுக்கு நிற்க இடம் இருந்தது, போதும். அடுத்த நடையில் தங்கராசும் பிரியாவும் ஏறினார்கள். என் பின்னால் இருக்கும் சீட்டில் யாரோ ஒரு ஸ்கூல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தங்கராசு அந்த வாத்தியாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவரை அப்படியே வெட்டித் தைத்துவிடுவார் போலிருந்தது. நின்றுகொண்டேதான் வந்தார்.

எனக்கும் நஷ்டம்தான். பத்து மணி நடையில் சாத்தனேரி டீக்கடையில் சூடாக வடை போடுவார்கள். கடைசி வரைக்கும் ஏழு மணிக்கு அவர்கள் வடை போடவே இல்லை.

7. இதில் தெரிந்துகொண்டது

டிரைவர் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வீட்டின் மேல் வீடு அடுக்குவது கட்டுகிறவன் வேலை. அடுக்கிய வீடுகளிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில்தான் இறங்குவார்கள், அது நம் வேலை. எங்கே மாடி எழும்புகிறதோ அங்கே போய்க் காலையில் ஒரு தடவை நின்று பாருங்கள். யார் யார் எத்தனை மணிக்குப் படியிறங்குகிறார்கள் என்று பாருங்கள். பழைய டைமிங்கில் ஒரு ஸ்டாப்பை நீட்டிவிட்டுப் பஸ் விட்டாச்சு என்று சொல்லாதீர்கள். பஸ் இல்லாத மாடி வீட்டுக்குச் சாவி இருந்தும் பிரயோஜனம் இல்லை, நான் பூட்டுகளைப் பார்த்தவன். இன்னொன்று: வண்டி போதாதபோது ஜனங்கள் ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் பக்கம் சேராதீர்கள், இரண்டு பக்கமும் நம் பாசஞ்சர்தான்.

பூட்டிய வீடுகளில் சில திறந்தன, சில திறக்கவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு மணி வண்டியில் இன்றைக்கும் தொங்குகிறார்கள் என்று கேள்வி.

மலரின் முதலாளி அந்தத் திங்கட்கிழமை அவளை ஒன்றும் சொல்லவில்லையாம். அவள் அவருக்கு முன்னால் போய் ஷெட் வாசலில் நின்றிருக்கிறாள், அவர்தான் சாவியோடு தாமதமாக வந்தாராம்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கேட்டில் யாரும் இல்லை. இருந்தும் நான் வண்டியை மெதுவாக விட்டு இருபுறமும் பார்த்தேன். குடியிருப்பில் போய் நிறுத்தினேன். எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள், அவளைக் காணோம். சகாயராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். அப்போதுதான் சி பிளாக் படிக்கட்டில் மலர் இறங்கி வந்தாள். ஓடி வரவில்லை. தலை சீவிப் பூ வைத்திருந்தாள். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"என்னம்மா, லேட்டு?" என்றேன்.

"சோறு துன்னுட்டு வரேன்ணே" என்றாள். "இந்த வூட்டுக்கு வந்து, காலைல குந்திச் சோறு துன்னது இன்னிக்குத்தான்."

அவள் ஏறியதும் சகாயராஜ் ரெண்டு விசில் கொடுத்தான். வண்டியை எடுத்தேன்.